தராசு முள் யார் பக்கம்?

கேள்வி: எனக்கு வயது 31. அம்மா இன்னமும் மலையில் தேயிலைக் கொழுந்து எடுக்கிறார். நான் உயர்தரம் முடித்துவிட்டு ஏழு வருடங்களாக ஒரு தொண்டு நிறுவனத்தில் வெளிக்கள உத்தியோகத்தராக இருக்கிறேன். இத்தாலியின் டூரின் நகரில் உள்ள சர்வதேச தொழில் தாபனத்தின் பயிற்சி நிலையத்தில் நடக்கும் பால்நிலைச் சமத்துவப் பயிற்சி ஒன்றுக்கு எங்கள் பணிப்பாளர் என் பெயரைக் கொடுத்திருக்கிறார். இரண்டு வாரம். கட்டணத்தில் பாதி புலமைப்பரிசில், மீதி அலுவலகம். ஆனால் என் ஆங்கிலம் கொப்பியில் எழுதும் ஆங்கிலம். ஐந்து வயது மகனை யார் பார்ப்பது என்று மாமி கேட்கிறார். கணவர் வாயே திறப்பதில்லை. "பெண் என்பதால் கிடைத்த டிக்கெட்" என்கிறார் உடன் வேலை செய்பவர். எல்லாவற்றையும் மீறிப் போனாலும், சான்றிதழைச் சுவரில் மாட்டுவதைத் தவிர அம்மா போன்றவர்களுக்கு அதனால் என்ன கிடைக்கும் என்ற கேள்வி என்னை விடவில்லை. போகலாமா? (பெயர் வேண்டாம், பொகவந்தலாவை)

பதில்:

தங்கச்சி, போய் வாருங்கள். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். மிச்சத்தை ஆறுதலாகப் பேசலாம்.

அந்த டிக்கெட் பேச்சை முடித்துவிடுவோம். ஆணும் பெண்ணும் தன் அமைப்புகளில் எந்தப் பதவியிலும் சமமாகப் பங்கேற்கலாம், தடை கிடையாது என்று ஐக்கிய நாடுகள் சாசனத்தின் 8ஆம் உறுப்புரை 1945இலேயே எழுதிவைத்தது. அதன் பிறகு ஒன்பது பொதுச்செயலாளர்கள் வந்தார்கள்; ஒன்பது பேரும் ஆண்கள். 1919இல் தொடங்கிய சர்வதேச தொழில் தாபனத்தின் தலைமை நாற்காலியிலும் இதுவரை ஒரு பெண் அமரவில்லை. அவர்களெல்லாம் என்ன டிக்கெட்டில் ஏறினார்கள் என்று உங்கள் நண்பர் என்றைக்காவது கேட்டிருப்பாரா? இந்தக் கணக்கைச் சரிசெய்யத்தான் 2017இல் பொதுச்செயலாளர் குட்டெரெஸ் ஐ.நா. முழுவதற்கும் பால்நிலைச் சமநிலைத் திட்டம் ஒன்றை வெளியிட்டார். மேல்மட்டப் பதவிகளில் 2020 தொடக்கத்தில் சரிபாதி வந்தது. நிறுவனம் தன்னைத் திருத்திக்கொள்ள முனைந்ததால் திறந்த கதவுகளில் ஒன்றுதான் உங்கள் பயிற்சியும்.

நம் நாட்டிலிருந்து ராதிகா குமாரசுவாமி 1994 முதல் 2003 வரை பெண்களுக்கு எதிரான வன்முறை குறித்த ஐ.நா. விசேட அறிக்கையாளராக இருந்தார் என்று மேடைகளில் பெருமையாகச் சொல்வோம். சொல்ல வேண்டியதுதான். ஆனால் தோட்டத்து லயத்துக் காம்பராவிலிருந்து அந்த இடத்துக்கு ஏணி இருந்ததில்லை. 1960இலேயே பெண் பிரதமரைத் தந்த நாட்டில், மலையகத் தமிழ்ப் பெண்கள் பாராளுமன்றத்துக்குள் கால்வைக்க 2024 நவம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தோட்டத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாட்சம்பளம் என்பதே 1984இல்தான் வந்தது. ஆகவே உங்கள் தயக்கத்தை நான் கோழைத்தனம் என்று சொல்லமாட்டேன்.

உங்கள் கடைசிக் கேள்விதான் எனக்கும் பெரிது. ஒன்றைச் சொல்கிறேன்; இதில் எனக்குப் பெருமை கிடையாது.

சில வருடங்களுக்கு முன் ஹட்டனில் ஒரு மண்டபத்தில், தோட்டப் பெண்களுக்கான தலைமைத்துவப் பயிற்சிக்கு என்னை வளவாளராக அழைத்திருந்தார்கள். வேலைநாள். வந்த பெண்கள் எல்லோரும் அன்றைய பேரை, அதாவது நாட்சம்பளத்தை, இழந்துவிட்டு வந்தவர்கள். குத்துவிளக்கை ஐந்து பேர் ஏற்றினார்கள், ஐவரும் ஆண்கள். அதன் பிறகு நான் மூன்று மணித்தியாலம் திரையில் படம் போட்டுத் தன்னம்பிக்கை, தொடர்பாடல் திறன், முடிவெடுத்தல் என்று பேசினேன். கடைசியில், கேள்வி இருக்கிறதா என்று கேட்டபோது பின்வரிசையில் ஓர் அம்மா எழுந்தார். கொழுந்துக் கறை ஏறிய விரலால் முந்தானையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "மிஸ், மடுவத்தில் கொழுந்து நிறுக்கும்போது கணக்கப்பிள்ளை தராசு முள்ளைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொள்கிறார். அதை எங்கள் பக்கமும் தெரிகிற மாதிரி வைக்கச் சொல்வது தலைமைத்துவமா?"

என்னிடம் அதற்குப் படம் இல்லை. ஆமாம் அம்மா என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். தேநீர் வந்தது, எல்லோருக்கும் சான்றிதழ் கொடுத்தோம். அவர் அதை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினார்.

இந்தத் துறையின் பெரிய கோளாறு அதுதான் என்று நினைக்கிறேன். குறை பெண்ணிடம் இருக்கிறது, அவளுக்குத் தைரியம் ஏற்றினால் போதும் என்று நினைத்துக்கொண்டு வகுப்பு நடத்துகிறோம். முள்ளைத் திருப்பி வைத்திருப்பவரை எந்த வகுப்புக்கும் அழைப்பதில்லை. டூரினில் கற்பிக்கும் விடயங்களில் நீங்கள் குறிவைக்க வேண்டியது இதற்கு மாறான ஒன்றை: பால்நிலைக் கணக்காய்வு. சர்வதேச தொழில் தாபனம் 2001இல் முதலில் தன் சொந்த அலுவலகங்களிலேயே அதைச் செய்துபார்த்தது. பிறகு கைநூலாக்கி மற்றவர்களுக்கும் கற்பிக்கிறது. செய்கிற விதம் நம் தோட்டத்துக்கும் பொருந்தும். ஒரு சிறு குழு நிறுவனத்துக்குள் போகிறது. ஆவணங்களை வாசிக்கிறது, பணிப்பாளர் முதல் சாரதி வரை தனித்தனியாகப் பேசுகிறது. எந்தப் பதவியில் எத்தனை பெண்கள், முடிவு எந்த அறையில் எடுக்கப்படுகிறது, சுவரில் தொங்கும் படங்களில் யார் என்ன செய்கிறார்கள் என்பது வரைக்கும் பார்க்கிறது. ஊழியர்களையே கூட்டிவைத்து, அவர்கள் வாயாலேயே குறையைச் சொல்ல வைக்கிறது. யார் சொன்னது என்பது வெளியே போகாது. கடைசியில் பரிந்துரைகளோடு அறிக்கை.

இதில் ஒரு துளியை நான் பின்னர் ஓர் அலுவலகக் கூட்டத்தில் செய்துபார்த்தேன். கைக்கடிகாரத்தை மேசைமேல் வைத்து, யார் எத்தனை நிமிடம் பேசினார்கள் என்று கொப்பியில் குறித்தேன். மேசையைச் சுற்றிப் பாதிப் பேர் பெண்கள். ஒரு மணித்தியாலக் கூட்டத்தில் அவர்கள் பேசியது ஆறு நிமிடம். அதிலும் ஒரு நிமிடம், தேநீருக்கு யார் யார் சீனி வேண்டாம் என்று கேட்டது. கொப்பியைக் காட்டியபோது தலைவர் கோபப்படவில்லை. அடுத்த கூட்டத்தில் பெண்களை முதலில் பேசச் சொன்னார். அவ்வளவுதான் நடந்தது, பெரிய புரட்சி ஒன்றுமில்லை.

ஆகவே போகும் முன் மூன்று விடயங்களைப் பணிப்பாளரிடம் எழுத்தில் வாங்குங்கள். அந்த இரண்டு வாரமும் கடமை நாட்களாகக் கணக்கிடப்படும் என்று. விமான டிக்கெட், காப்புறுதி, விசாச் செலவு யார் தருவது என்று. 'மீதி அலுவலகம்' என்ற வாய்ச்சொல்லில் இவை எல்லாம் அடங்குமா தெரியாது. மூன்றாவது, திரும்பி வந்த ஆறு மாதத்துக்குள் உங்கள் நிறுவனத்திலேயே இந்தக் கணக்காய்வைச் செய்ய அனுமதி. மூன்றாவதைக் கேட்கும்போது அவர் முகத்தைப் பாருங்கள். அனுப்புவது எதற்கு என்று உங்களுக்கே விளங்கிவிடும்.

ஆங்கிலத்தைப் பற்றிக் கவலைப்பட ஏதாவது இருக்கிறது என்றால், அது பழக்கம் மட்டுமே. ஐ.நா. பெண்கள் அமைப்பின் இணையவழிப் பயிற்சித் தளத்தில் 'ஐ நோ ஜெண்டர்' என்ற பாடநெறி இலவசம். நம் நேரத்துக்குப் படிக்கலாம். ஒவ்வொரு பாடம் முடிந்ததும் அதில் வந்ததை அம்மாவிடம் தமிழில் சொல்லிப்பாருங்கள். அவருக்கு விளங்காவிட்டால் உங்களுக்கும் விளங்கவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். டூரினில் பக்கத்து நாற்காலிக்காரரும் அநேகமாகத் தன் தாய்மொழியில் நினைத்து ஆங்கிலத்தில் திணறுபவராகத்தான் இருப்பார்.

மாமியிடம் நீங்கள் வாதாட வேண்டாம். அது உங்கள் கணவரின் வேலை. அவர் அம்மா, அவர் மகன். அவரிடம் "போகட்டுமா" என்று கேட்காதீர்கள். "பதினான்கு நாள் காலையில் மகனைப் பாடசாலைக்கு யார் கூட்டிப்போவது, நீங்களா மாமியா?" என்று கேளுங்கள். வாய் திறப்பார். உங்கள் அம்மா உங்களைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டு எத்தனை வருடம் காலைப் பிரட்டுக்கு, வேலைக்குப் பெயர் கொடுக்கப் போனார் என்பதையும் மாமிக்கு யாராவது நினைவுபடுத்தலாம்; மாமியும் அப்படித்தானே பிள்ளை வளர்த்திருப்பார்.

கடைசியாக ஒரு சின்ன விடயம், இதில்தான் நம் ஆட்கள் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, கடவுச்சீட்டு மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தோட்டத்தில் பெயர் பதிந்தவர் உங்கள் பெயரையோ அப்பாவின் பெயரையோ தன் காதில் விழுந்தபடி எழுதிவைத்திருக்கக்கூடும். ஓர் எழுத்து மாறியிருந்தாலும் விசா விண்ணப்பத்தில் கேள்வி வரும். திருத்துவதற்குப் பிரதேச செயலகத்துக்கு ஒரு தடவை போனால் போதாது. இந்தத் திங்கட்கிழமையே போங்கள்.