முதல் ஆமை எது? வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: பத்து வயது மகனும் ஆறு வயது மகளும் நில ஆமை வேண்டும் என்கிறார்கள். தனி வீடு, பின்னால் சிறு தோட்டம் உண்டு. நட்சத்திர ஆமை, சல்காட்டா, ரெட் ஃபுட் என்று மூன்றைச் சொல்கிறார் கடைக்காரர். எதை வாங்கலாம்? – வாசகி, திருச்சி

நட்சத்திர ஆமையை இப்போதே விட்டுவிடுங்கள். அது நம் காட்டு உயிர். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வாங்குவதும் குற்றம், வளர்ப்பதும் குற்றம். அதை விற்கத் துணிந்த கடையில் வேறு எந்தப் பிராணியையும் வாங்காதீர்கள். அங்கே தரும் காகிதங்களையும் நம்ப முடியாது.

சல்காட்டாக் குட்டி உள்ளங்கையில் அடங்கும். பிரச்சினை பிறகுதான். சஹாராவின் தென் ஓரத்து இனமான இது வளர்ந்தால் 40 கிலோவைத் தாண்டும், ஆழமாக வளை தோண்டும். சிறு தோட்டம் அதற்குப் போதாது.

உங்களுக்கு ரெட் ஃபுட்தான் பொருந்தும். தென் அமெரிக்காவின் ஈரமான காட்டுப் பகுதிகளைச் சேர்ந்தது, பெரும்பாலும் 30–35 செ.மீ. நீளத்தில் நின்றுவிடும். குளிர்காலத் தூக்கம் கிடையாது. ஈரக்காற்றும் 24–32 டிகிரி வெப்பமும் வேண்டும். திருச்சிக் கோடையில் 35 டிகிரி தாண்டும்போது அடர்ந்த நிழலும், இறங்கி உட்காரத் தட்டையான தண்ணீர்த் தட்டும் கட்டாயம். ஏ.சி. அறையில் வைத்தால் குளிரும் வறண்ட காற்றும் சேர்ந்து நுரையீரல் தொற்று வரலாம். மூக்கில் குமிழி தெரிந்தால் உடனே ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் போங்கள்.

பத்து செ.மீ.க்குக் குறைந்த குட்டியை முதல்முறை வளர்ப்பவர் வாங்க வேண்டாம்; நீர் வற்றிச் சீக்கிரம் இறக்கும். கையில் எடுத்தால் கனமாக இருக்க வேண்டும், காலைத் தொட்டால் வலுவாக உள்ளே இழுக்க வேண்டும். கண் திறந்து தெளிவாக இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இது வெளிநாட்டு இனம் என்பதால், 2024-இல் வந்த விதிகளின்படி வாங்கிய 30 நாட்களுக்குள் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். விற்பவரிடம் ரசீதையும் உரிய ஆவணங்களையும் முதலிலேயே கேளுங்கள். கையை விரித்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

வளர்ந்த ஆமைக்கு எட்டடிக்கு நாலடி இடமாவது வேண்டும். தோட்டத்தில் அடைப்பு கட்டினால் சுவரைப் பார்வை ஊடுருவாத பொருளில் எழுப்புங்கள். கம்பி வலையாக இருந்தால் வெளியே தெரிவதைப் பார்த்து அதிலேயே முட்டிக்கொண்டிருக்கும். தெருநாய் எட்டாதபடி மேலே மூடியும் வேண்டும். தரையில் தோட்ட மண்ணும் தென்னை நார்க்கழிவும் கலந்து 10 செ.மீ. பரப்பி, மேலே சருகு போடுங்கள். அடிமண் ஈரமாகவும் மேல்பரப்பு காய்ந்தும் இருப்பது நல்லது. எப்போதும் சேறாக இருந்தால் அடி ஓடு அழுகும். மறைந்துகொள்ளப் பாதி உடைந்த மண்பானை போதும். விளிம்பு மட்டும் கூராக இருக்கக் கூடாது.

உணவில் பாதிக்கு மேல் இலையும் பூவும்: செம்பருத்தி, மல்பெரி, முள் நீக்கிய சப்பாத்திக்கள்ளி. பப்பாளி, கொய்யா, மாம்பழம் ஐந்தில் ஒரு பங்கு. வாரம் ஒருமுறை சிறு துண்டு அவித்த முட்டையோ மண்புழுவோ. சோறு, பிஸ்கட், பால் வேண்டவே வேண்டாம். பாலக் கீரையை அடிக்கடி தரக் கூடாது. அதிலுள்ள ஆக்சலேட் கால்சியத்தைக் கட்டிப்போடும். தோட்டத்தில் அரளி இருந்தால் அடைப்புக்குள் வராமல் பாருங்கள், அது விஷம்.

குழந்தைகள் ஆமையைத் தொட்டதும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். ஆமைகளில் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். ஆறு வயதுக் குழந்தையைத் தனியாக விடாதீர்கள். ரெட் ஃபுட் ஐம்பது ஆண்டுகூட வாழும். மகன் படிக்க வெளியூர் போன பிறகு யார் பார்ப்பது என்பதை வாங்கும் முன்பே வீட்டில் பேசி முடிவெடுங்கள்.

கேள்வி: எங்கள் ரெட் ஃபுட் குட்டியின் ஓடு கூம்பு கூம்பாக எழும்புகிறது. ஓரம் அழுத்தினால் வளைகிறது. – வாசகர், ஈரோடு

இவை இரண்டு கோளாறுகள். கூம்பு எழுவதற்குப் பெரும்பாலும் காரணம் வறட்சி. ஈரப்பதத்தை 70–80 சதவீதத்துக்கு உயர்த்துங்கள். தினமும் தாடைக்கு மேல் ஏறாத வெதுவெதுப்பான நீரில் 15 நிமிடம் உட்கார வையுங்கள். எழுந்த கூம்பு தணியாது, புதிய வளர்ச்சி மட்டும் சமமாக வரும். ஓடு வளைவது கால்சியமும் புற ஊதா ஒளியும் போதாததால். ஜன்னல் கண்ணாடி வழியே வரும் வெயிலால் பயன் இல்லை, கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துவிடும். காலை வெயிலில், நிழலும் பக்கத்திலேயே இருக்கும்படி விடுங்கள். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் கடல் நுரையைப் பொடித்து உணவில் தூவலாம். ஆனால் வளையும் நிலைக்கு வந்துவிட்டதால் மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: மீன் கடையில் வாங்கிய பச்சை ஆமை தொட்டிக்குப் பெரிதாகிவிட்டது. கோயில் குளத்தில் விடலாமா? – வாசகி, கும்பகோணம்

கூடாது. அது அமெரிக்காவின் செங்காது நீராமை. நம் குளத்து ஆமைகளின் உணவையும் வெயில் காயும் இடத்தையும் பறித்துக்கொள்ளும். பெண் ஆமை 25 செ.மீ.க்கு மேலும் வளரும். சின்டெக்ஸ் போன்ற பெரிய தொட்டி, வடிகட்டி, ஏறி உட்காரக் காய்ந்த மேடை அமைத்து நீங்களே வைத்திருங்கள். முடியாவிட்டால் வளர்க்கத் தெரிந்தவரிடம் நேரில் ஒப்படையுங்கள்.

கேள்வி: பாட்டி காலத்திலிருந்து நட்சத்திர ஆமை ஒன்று வீட்டில் இருக்கிறது. வயல்வெளியில் விட்டால் போதுமா? – வாசகர், சிவகங்கை

விட வேண்டாம். பல ஆண்டுகள் வீட்டில் இருந்தது நோயைக் காட்டு ஆமைகளுக்குப் பரப்பலாம். வேறு பகுதியிலிருந்து வந்த ஆமையாகவும் இருக்கலாம். மாவட்ட வன அலுவலகத்துக்கு முதலில் தொலைபேசியில் சொல்லி, அவர்கள் சொல்கிறபடி ஒப்படையுங்கள். கொண்டுபோகும்போது காற்றுத் துளையிட்ட அட்டைப்பெட்டியில் காய்ந்த வைக்கோல் போட்டு வையுங்கள். வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டுப் போகாதீர்கள்.