ஏற்காட்டு வகுப்பறையிலிருந்து வெளிநாட்டுப் பள்ளிக்கு: வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: ஏற்காட்டிலுள்ள ஒரு விடுதிப் பள்ளியில் எட்டு ஆண்டுகளாக ஐ.சி.எஸ்.இ. மாணவர்களுக்கு இயற்பியல் கற்பித்து வருகிறேன். பெரியார் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி. முடித்து, பின்னர் பி.எட். பட்டமும் பெற்றேன். துபாயிலோ தாய்லாந்திலோ சர்வதேசப் பள்ளி ஒன்றில் சேர விரும்புகிறேன். என் அனுபவத்தை அங்கே மதிப்பார்களா? எப்படித் தயாராவது?
- வாசகி, ஏற்காடு

பதில்: மதிப்பார்கள். எவ்வளவு மதிப்பார்கள் என்பது அந்தப் பள்ளியின் பாடத்திட்டத்தைப் பொறுத்தது. வளைகுடா நாடுகளில் நம் சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்தை நடத்தும் பள்ளிகள் ஏராளமாக உள்ளன. அவை உங்கள் அனுபவத்தை அப்படியே ஏற்றுக்கொள்ளும். சம்பளம் மட்டும் மற்றவற்றைவிடக் குறைவாகவே இருக்கும். பிரிட்டிஷ் பாடத்திட்டத்தையோ, ஜெனீவாவில் 1968-இல் தொடங்கப்பட்ட ஐ.பி. (இன்டர்நேஷனல் பேக்கலரியேட்) பாடத்திட்டத்தையோ பின்பற்றும் பள்ளிகளில் சம்பளமும் சலுகைகளும் கூடுதல். ஆனால் தங்கள் தேர்வுமுறைக்கு மாணவர்களைத் தயார் செய்த அனுபவம் உண்டா என்பதே அங்கு முதல் கேள்வியாக இருக்கும்.

அந்த அனுபவம் இல்லாத குறையை ஓரளவு இங்கிருந்தபடியே ஈடுசெய்ய முடியும். பிரிட்டிஷ் முறைப் பள்ளிகளில் நம் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு போன்றது கேம்பிரிட்ஜ் ஐ.ஜி.சி.எஸ்.இ.; அதில் இயற்பியலின் பாடக் குறியீடு 0625. அதன் பழைய வினாத்தாள்களையும் மதிப்பெண் வழங்கும் முறையையும் இணையத்தில் பெற்று, ஒரு பருவம் முழுவதும் நீங்களே விடை எழுதித் திருத்திப் பாருங்கள். ஐ.பி. பட்டயப் படிப்பின் (நம் மேல்நிலை வகுப்புகளுக்கு இணையானது) அறிவியல் பாடங்களிலோ, மாணவரே ஒரு கேள்வியை எழுப்பி, அதற்கான சோதனையை வடிவமைத்து, அறிக்கையாக எழுத வேண்டும். மொத்த மதிப்பெண்ணில் 20 விழுக்காடு அதற்கே போகிறது. கரும்பலகையில் எழுதிப்போட்ட செய்முறையை ரெக்கார்டு நோட்டில் படியெடுக்கும் வழக்கத்தில் வளர்ந்த நமக்கு (நானும் அப்படி வளர்ந்தவன்தான்) இது வேறோர் உலகம். நேர்முகத் தேர்வில் இதைப் பற்றித்தான் துருவித் துருவிக் கேட்பார்கள். எனவே இப்போதைய பதினோராம் வகுப்பு மாணவர்களிடமே இத்தகைய ஒரு சோதனையைச் செய்வித்து, அவர்கள் எழுதியதையும் நீங்கள் திருத்தியதையும் பத்திரப்படுத்தி வைத்திருந்தால், சான்றிதழ்களைக் காட்டிலும் அது வலுவாகப் பேசும்.

இயற்பியல் ஆசிரியர் என்பதால் உங்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. இங்கிலாந்து அரசு வழங்கும் கியூ.டி.எஸ். என்னும் ஆசிரியத் தகுதிக்கு, 11 முதல் 16 வயது வரையிலான மாணவர்களுக்கு அறிவியல், கணிதம் அல்லது மொழிப் பாடங்கள் கற்பிக்கும் தகுதி பெற்ற இந்திய ஆசிரியர்கள் 2023 பிப்ரவரி முதல் நேரடியாக விண்ணப்பிக்க இயலும். வெளிநாடுகளிலுள்ள பிரிட்டிஷ் பாடத்திட்டப் பள்ளிகள் பெரிதும் விரும்பும் தகுதி இது.

விடுதிப் பள்ளி அனுபவத்தைத் தன்விவரக் குறிப்பில் ஒற்றை வரியில் முடித்துவிடாதீர்கள். மாலைப் படிப்பு நேர மேற்பார்வை, விடுதிப் பொறுப்பு, நள்ளிரவில் காய்ச்சல் கண்ட மாணவியை மருத்துவரிடம் அழைத்துச் செல்வது ஆகியவற்றையெல்லாம் இங்கே யாரும் தனித் தகுதியாகக் கருதுவதில்லை. தாய்லாந்தில் விடுதியுடன் இயங்கும் சர்வதேசப் பள்ளிகளோ, பாடம் நடத்தவும் விடுதியைக் கவனிக்கவும் தெரிந்த ஒருவரைத் தேடிக்கொண்டிருக்கின்றன. ஆகவே, துபாயைவிடத் தாய்லாந்தே உங்களுக்குப் பொருந்தும் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆகஸ்டில் கல்வியாண்டு தொடங்கும் பள்ளிகள் முந்தைய ஆண்டின் அக்டோபர், நவம்பரிலேயே ஆள் எடுக்கத் தொடங்கிவிடும் என்பதால், கோடை விடுமுறைக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட வேண்டாம்.

கேள்வி: ஷார்ஜாவிலுள்ள ஒரு சி.பி.எஸ்.இ. பள்ளியிலிருந்து பணி வாய்ப்புக் கடிதம் வந்துள்ளது. கையெழுத்திடும் முன் எவற்றைக் கவனிக்க வேண்டும்? சான்றிதழ்களுக்கு என்ன செய்ய வேண்டும்?
- வாசகர், அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: மொத்தச் சம்பளத்தை ரூபாயில் பெருக்கிப் பார்ப்பதற்கு முன், அதில் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு என்று பாருங்கள். ஐக்கிய அரபு அமீரகச் சட்டப்படி, ஓராண்டை நிறைவு செய்தவருக்கு, முதல் ஐந்து ஆண்டுகளில் ஆண்டுக்கு 21 நாள் சம்பளமும், அதன்பின் ஆண்டுக்கு 30 நாள் சம்பளமும் பணிக்கொடையாகக் கணக்கிடப்படும்; அந்தக் கணக்குக்கு அடிப்படைச் சம்பளமே ஆதாரம். 5,000 திர்ஹாமில் 2,000 மட்டுமே அடிப்படை என்று எழுதியிருந்தால், விடைபெறும்போது கைக்கு வரும் தொகையும் அதற்கேற்பச் சுருங்கிவிடும். வீடு, விமானப் பயணச்சீட்டு, மருத்துவக் காப்பீடு, உங்கள் பிள்ளைகளுக்கான கட்டணச் சலுகை ஆகிய அனைத்தும் எழுத்தில் இருக்க வேண்டும். "வந்த பிறகு பேசிக்கொள்ளலாம்" என்பதை ஏற்காதீர்கள்.

சான்றிதழ்களைப் பொறுத்தவரை, பட்டமும் பி.எட்.டும் முதலில் மாநில அரசின் சான்றொப்பத்தையும், அடுத்து வெளியுறவு அமைச்சகத்தின் முத்திரையையும் பெற வேண்டும். ஓமன், பஹ்ரைன் போன்ற நாடுகளுக்கு, அந்த அமைச்சகம் இடும் அப்போஸ்டில் என்னும் சர்வதேச ஒப்பந்த முத்திரையோடு வேலை முடிந்துவிடும். அமீரகத்துக்கு அவர்களுடைய தூதரகத்தின் சான்றொப்பமும் தேவை. எம்.எஸ்சி. ஒரு பல்கலைக்கழகத்திலும், பி.எட். தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகத்திலும் பெற்றவர்கள் மெய்த்தன்மைச் சரிபார்ப்புக்காக இரண்டு இடங்களுக்கும் அலைய நேரலாம். காவல்துறை நன்னடத்தைச் சான்றுக்குப் பாஸ்போர்ட் சேவா இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம்.

கேள்வி: குவைத்தில் ஆசிரியை வேலை வாங்கித் தருவதாகக் கூறும் முகவர் ஒருவர், என் மகளின் அசல் பாஸ்போர்ட்டையும் ஒன்றரை லட்சம் ரூபாயையும் கேட்கிறார். கொடுக்கலாமா?
- வாசகர், ஆத்தூர்

பதில்: இரண்டையும் கொடுக்க வேண்டாம். 1983-ஆம் ஆண்டு குடியேற்றச் சட்டப்படி, வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பவர் பதிவு பெற்ற முகவராக இருக்க வேண்டும். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான். அவருடைய பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் சரிபாருங்கள். நல்ல பள்ளிகள் ஆசிரியரிடம் பணமே கேட்பதில்லை. பட்டதாரியான உங்கள் மகளுக்குக் குடியேற்றத் தடையின்மைச் சான்று (வெளிநாட்டு வேலைக்குப் புறப்படும் முன் அரசிடம் பெறும் அனுமதி) தேவைப்படாது என்பதால், அவருடைய ஒப்பந்தத்தை அரசு அதிகாரி எவரும் முன்கூட்டிப் பார்க்கப்போவதில்லை. அந்த வேலையை நீங்களேதான் செய்ய வேண்டும். ஏற்கெனவே முன்பணம் கொடுத்திருந்தால், ரசீதுடன் சென்னையிலுள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தில் புகார் அளியுங்கள்.