ரஷ் நடத்த யாரைப் போடுவது? கேள்வி பதில்

அமெரிக்கக் கல்லூரி ஃப்ரெட்டர்னிட்டி ஒன்றில், அதாவது ஆண் மாணவர் சங்கத்தில், இரண்டு வருடம் ரிக்ரூட்மென்ட் சேராக இருந்தேன். ரஷ் என்கிற புது உறுப்பினர் சேர்ப்பை நடத்தும் பொறுப்பாளர் அவர்; ரஷ் சேர் என்றும் சொல்வோம். இப்போது அதே சாப்டருக்கு, அதாவது சங்கத்தின் அந்தக் கல்லூரிக் கிளைக்கு, பழைய மாணவர் ஆலோசகர். புது நிர்வாகிகள் தேர்தல் நெருங்குவதால், இந்தப் பதவி பற்றிக் கேள்வி கேட்கச் சொன்னேன். வந்தவற்றில் சில:

அண்ணா, இரண்டு பேர் போட்டி. ஒருவனைக் கேம்பஸ் முழுக்கத் தெரியும், பார்ட்டி என்றாலே அவன்தான். இன்னொருவன் அமைதி. யாருக்கு ஓட்டுப் போடுவது?

அமைதியானவனுக்கு. பட்டுத்தான் சொல்கிறேன். ஒரு வருடம் நாங்கள் முதல் வகை ஆளைத் தேர்ந்தெடுத்தோம். முதல் வாரம் வீடு கொள்ளாத கூட்டம். மூன்றாம் வாரம், "அந்தச் சிவப்புத் தொப்பிப் பையன் பெயர் என்ன?" என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியவில்லை. பெயரையும் நம்பரையும் யாரும் எழுதியே வைக்கவில்லை. பிட், அதாவது சேரச் சொல்லும் அழைப்பு, யாருக்கென்று கொடுப்பது?

அடுத்து வந்தவன் அதிகம் பேசமாட்டான். ஆனால் வந்தவன் எந்த ஊர், எந்த டார்ம் (விடுதி), என்ன பேசினான், அவனை மறுபடி கூப்பிட வேண்டியது யார், எல்லாம் கூகுள் ஷீட்டில் இருக்கும். ஒருநாள் ஒரு பையன் பீட்சா தட்டோடு சுவரோரமாக நின்றான். இவன் போய்ப் பேசவில்லை. அதே ஊர்க்காரன் ஒருவனைக் கூட்டிவந்து பக்கத்தில் நிறுத்திவிட்டு நகர்ந்துவிட்டான். அந்தப் பையன் பின்னாளில் எங்கள் பொருளாளர்.

ஒன்று மட்டும் பாருங்கள். அமைதி சரி, ஆனால் மற்றவர்களிடம் வேலை வாங்கத் தெரிய வேண்டும். எல்லாவற்றையும் தானே இழுத்துப்போட்டுச் செய்கிறவன் இரண்டாம் வாரமே படுத்துவிடுவான்.

நான் சொராரிட்டி, பெண்கள் சங்கம். எங்களுக்கும் இதே அளவுகோலா, அண்ணா?

முழுக்க இல்லை. 1902-இல் தொடங்கிய தேசிய பான்ஹெலனிக் கூட்டமைப்பின் கீழ் இருக்கும் சொராரிட்டிகளுக்கு ரஷ் என்பது சுற்றுச் சுற்றாக, விதிப் புத்தகத்தோடு நடப்பது. இரு பக்க விருப்பத்தையும் பொருத்திப் பார்த்துத்தான் பிட் வரும், ஒரு சாப்டர் எத்தனை பேருக்குக் கொடுக்கலாம் என்று அதற்கும் கோட்டா உண்டு. ஒரு விருந்தினரிடம் சில நிமிடம் பேசியதும் அடுத்தவள் வந்து தொடர வேண்டும். அந்தச் சுழற்சியை ஒத்திகை பார்க்க வைப்பவள்தான் உங்களுக்குத் தேவை. அலுக்காமல் விதியைப் படிக்கிறவளைப் பிடியுங்கள்.

தம்பி, என் மகனை ரஷ் சேர் ஆக்கப் போகிறார்களாம். படிப்பு கெடுமா?

செமஸ்டரின் முதல் சில வாரம் கஷ்டம்தான் அம்மா, அப்புறம் மூச்சு விடலாம். அதைவிட, மது வாடையே இல்லாமல் ரஷ் நடத்தும் துணிச்சல் அவனுக்கு உண்டா என்று கேளுங்கள். 2017-இல் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் திமோதி பியாஸா என்ற மாணவர், பிட்டை ஏற்றுக்கொண்ட இரவில் மிதமிஞ்சிக் குடிக்க வைக்கப்பட்டு, விழுந்து அடிபட்டு இறந்தார். 2024 டிசம்பரில் வந்த அமெரிக்க மத்தியச் சட்டப்படி, ராகிங் சம்பவங்களைக் கல்லூரிகள் வெளிப்படையாக அறிக்கையிட வேண்டும். நண்பர்கள் முன்னால் "வேண்டாம்" என்று சொல்லக் கூசுகிறவனுக்கு இந்தப் பதவி ஆகாது.

எங்களுடையது தெற்காசிய ஃப்ரெட்டர்னிட்டி. மொத்தமே பதினைந்து பேர். யாராக இருந்தால் என்ன?

சின்னக் கூட்டத்தில்தான் ஆள் முக்கியம். டெல்டா எப்சிலான் சை என்ற தெற்காசிய ஃப்ரெட்டர்னிட்டி 1998-இல் டெக்சாஸின் ஆஸ்டினில் தொடங்கிய காலத்திலிருந்தே இந்த வகைச் சங்கங்களில் குஜராத்தி, தெலுங்கு, தமிழ் எல்லாம் கலந்திருக்கும். ரஷ் சேர் தினமும் ஒரே மேசையில் சாப்பிடுகிறவன் என்றால், அடுத்த வருடம் அந்த மேசைதான் உங்கள் சாப்டர்.

சீனியரா, ஜூனியரா?

இரண்டாம் ஆண்டு முடிக்கப் போகிறவன். கடைசி வருடத்துக்காரன் மனசு வேலை இன்டர்வியூவில் இருக்கும்.

அண்ணா, முதலில் கேட்டவன்தான். அமைதியானவன் ஜெயித்துவிட்டான். தோற்றவன் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறான்.

அவனை வாசலில் நிறுத்துங்கள். வருகிறவர்களைச் சிரிக்கவைத்து உள்ளே அனுப்ப அவனைவிட ஆள் கிடையாது. ஷீட்டை மட்டும் அவன் கையில் கொடுத்துவிடாதீர்கள்.