லிப்சோடியத்தில் மறைகுறியாக்கிய செய்தி சில நேரம் மட்டும் திறக்க மறுப்பது ஏன்?

சி நிரலில், லிப்சோடியம் என்ற மறைகுறியாக்க நூலகத்தின் சீக்ரெட்பாக்ஸ் (ஒரே ரகசியச் சாவியால் பூட்டித் திறக்கும் வசதி) கொண்டு பூட்டிய செய்தியைத் திறக்கும்போது, சில நேரம் மட்டும் தோல்வியைக் குறிக்கும் -1 வருகிறது என்கிறீர்கள். நீளத்தை ஸ்டர்லென் (strlen, 0 பைட் வரும்வரை எண்ணும் சி செயற்கூறு) வைத்துக் கணக்கிட்டிருந்தால் அதுதான் கோளாறு. மறைகுறியாக்கிய தரவு எழுத்துச்சரம் அல்ல, வெறும் பைட்டுகள். நடுவில் எங்கு வேண்டுமானாலும் 0 வரலாம். ஸ்டர்லென் அங்கேயே நின்றுவிடும். 0 வரவே இல்லையென்றால் வரம்பு தாண்டியும் படிக்கும், அது இன்னும் ஆபத்து.

நீளத்தைத் தனி மாறியில் வையுங்கள்: மூலச் செய்தியின் நீளத்தோடு 16 கூட்டினால் சரி. அந்த 16 பைட்டும் செய்தியை யாரும் திருத்தவில்லை என்று சோதிப்பதற்கான முத்திரை. அதனால் -1 வந்தால், வெளியீட்டு பஃபரில் (திறந்த செய்திக்கான நினைவக இடத்தில்) இருப்பதைப் பயன்படுத்தவே கூடாது.

அப்புறம், 24 பைட் நான்ஸை (ஒரு முறை மட்டுமே பயன்படுத்த வேண்டிய மதிப்பை) ஒவ்வொரு செய்திக்கும் புதிதாக உருவாக்குங்கள். அது ரகசியம் இல்லை, செய்தியோடு சேர்த்தே அனுப்பலாம்.