பில்லில் எழுதிய லென்ஸ் உள்ளே இருக்கிறதா?

கேள்வி: நான் மதுரையில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர். 1996-இல் என் அண்ணன் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்து கொடுத்த ஹை-ஃபை சிடி பிளேயர் சில சிடிக்களைப் படிக்க மறுத்தது. படித்தவையும் நடுவில் தாவின. ஒரு சர்வீஸ் கடையில் கொடுத்தேன். லென்ஸை மாற்றியதாகச் சொல்லி 6,200 ரூபாய் வாங்கினார்கள். 19 நாள் பாடியது. பிறகு எந்த சிடியைப் போட்டாலும் ‘நோ டிஸ்க்’ என்றே வருகிறது. திரும்பக் கொண்டுபோனால் மோட்டார் போய்விட்டது, இன்னும் 4,500 ஆகும் என்றார்கள். வாடிக்கையாளர்கள் முன்னிலையில் என்னை ஏளனமாகவும் பேசினார்கள். பிளேயரை எடுத்து வந்துவிட்டேன். தெரிந்த மெக்கானிக் ஒருவர் மூடியைத் திறந்து பார்த்து, லென்ஸ் மாற்றப்படவே இல்லை, துடைத்துவிட்டு ஒரு திருகை மட்டும் முறுக்கியிருக்கிறார்கள் என்கிறார். அவரே 3,500 ரூபாயில் சரிசெய்து தருவதாகவும் சொல்கிறார். அண்ணன் இப்போது உயிரோடு இல்லை. மன உளைச்சலுக்கு இரண்டு லட்சம் கேட்டு வழக்குத் தொடரலாமா? போலீசில் மோசடிப் புகார் கொடுக்கலாமா? எங்கள் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் கடையின் பெயரைப் போட்டுத் ‘திருடர்கள்’ என்று எழுதியிருக்கிறேன்.

பதில்: முதலில் ஒன்று. அந்த மெக்கானிக்கைப் பிளேயரில் கை வைக்க விடாதீர்கள். இந்தப் பதிலை மேலே படிக்குமுன் அவருக்குத் தொலைபேசியில் சொல்லிவிடுங்கள்.

அண்ணன் கொடுத்த பொருள் என்பதும், கடையில் பட்ட அவமானமும், கடைக்கு அலைந்ததும் உங்களுக்குப் பெரியவை, எனக்கும் புரிகிறது. ஆனால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் அவற்றால் வழக்கு நிற்காது. 19 நாளில் பழுதானதுகூட நிற்காது. ஏறக்குறைய முப்பது வயதான கருவியில் இன்று ஒரு பாகமும் அடுத்த மாதம் இன்னொரு பாகமும் போவது இயல்பு; அதைச் சேவைக் குறைபாடு என்று நிரூபிப்பது மிகக் கடினம். சிடியைச் சுழற்றும் மோட்டார் தேய்ந்தாலும், சிடியைப் படிக்கும் லேசர் நகரும் தண்டவாளத்தில் கிரீஸ் இறுகினாலும் வரும் அறிகுறி ஏறக்குறைய ஒன்றுதான்: தாவும், அல்லது படிக்காது. ‘மோட்டார் போய்விட்டது’ என்று கடைக்காரர் சொன்னது உண்மையாகவே இருக்கலாம்.

நீங்கள் இணைத்திருக்கும் பில்லில் இருக்கும் ஒரு வரிதான் உங்கள் வழக்கு: ‘நியூ லென்ஸ் – 5,200. சர்வீஸ் சார்ஜ் – 1,000.’ நம் ஊர் சர்வீஸ் கடைகளில் மொத்த லேசர் யூனிட்டையும் லென்ஸ் என்றே சொல்வார்கள். பில்லில் ‘லென்ஸ் சர்வீஸ்’ என்று எழுதியிருந்தால் உங்களுக்கு வழக்கே இல்லை. துடைத்ததும் சர்வீஸ்தானே என்பார்கள். ‘நியூ லென்ஸ்’ என்று எழுதிவிட்டுப் பழையதையே விட்டிருந்தால், தராத பொருளுக்குப் பணம் வாங்கியதாக ஆகிறது. பில்லின் பின்பக்கம் ‘பழைய கருவிகளுக்கு உத்தரவாதம் இல்லை’ என்று அச்சிட்டிருக்கிறதே என்று பயந்திருக்கிறீர்கள். அந்த வாசகம் வேறொரு பாகம் பழுதானால்தான் அவர்களைக் காக்கும். மாற்றாத பாகத்தை மாற்றியதாக எழுதிய பில்லை அது காக்காது.

ஆகவே கேள்வி ஒன்றுதான்: உள்ளே இருப்பது புதிய லேசரா, பழைய லேசரா? அதற்கு விடை சொல்லும் ஒரே சாட்சி உங்கள் பிளேயர். அந்தச் சாட்சியைத்தான் 3,500 ரூபாய் கொடுத்து அழிக்கப் பார்க்கிறீர்கள்.

இதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். டேப் டெக் ஒன்றைக் கடை கெடுத்துவிட்டது என்று ஒருவர் வந்தார். பில், கடிதங்கள், சாட்சி எல்லாம் சுத்தமாக இருந்தன. ஆனால் வழக்கு நடக்கும்போதே பொறுக்க முடியாமல் வேறு இடத்தில் கொடுத்துச் சரிசெய்துவிட்டார். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்ட கேள்வி ஒன்றுதான்: ‘என் கட்சிக்காரர் போட்ட பாகம் எங்கே?’ மாற்றிய மெக்கானிக் அதை என்றைக்கோ குப்பையில் போட்டிருந்தார். அத்துடன் வழக்கு முடிந்தது. இன்னொருவர் தொலைக்காட்சிப் பெட்டியை மூன்று பேரிடம் காட்டி மூன்று கருத்து வாங்கி வந்தார். மூன்று பேரும் திறந்திருந்தார்கள். புதிய போர்டை எடுத்துவிட்டுப் பழையதை வைத்தது அந்த மூவரில் ஒருவர்தான் என்று கடை வாதிட்டது. அது பொய் என்று என்னால் காட்ட முடியவில்லை.

உங்கள் வழக்கிலும் அந்த ஓட்டை விழுந்துவிட்டது. உங்கள் மெக்கானிக் ஏற்கெனவே ஒருமுறை திறந்துவிட்டார். அவர் எதையும் கழற்றவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். உண்மையானால் இன்னும் காப்பாற்றலாம். ஆனால் பழுதுபார்த்து 3,500 ரூபாய் சம்பாதிக்கவிருப்பவர் அவர். அவரது பிரமாணப் பத்திரத்தை எந்த ஆணையமும் நடுநிலையான நிபுணரின் கருத்தாக எடுத்துக்கொள்ளாது.

அவர் சொல்லும் திருகு விஷயம் பொருட்படுத்தத்தக்கதுதான். பல லேசர் யூனிட்டுகளில் லேசருக்குப் போகும் மின்னோட்டத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு சிறு திருகு உண்டு. தேய்ந்த லேசரைத் துடைத்து, அந்தத் திருகைக் கூட்டி வைத்தால் சில நாளோ சில வாரமோ பாடும். பிறகு லேசர் முழுவதுமாகச் செத்துவிடும். சில ஜப்பானிய யூனிட்டுகளின் லேபிளில் கடைசி மூன்று இலக்கங்கள் தொழிற்சாலையில் அளந்த மின்னோட்டத்தைக் குறிக்கும். 447 என்றிருந்தால் 44.7 மில்லி ஆம்பியர். உங்கள் யூனிட்டில் அப்படி எண் இருந்து, இப்போது ஓடும் மின்னோட்டம் அதைவிட வெகுவாகக் கூடியிருந்தால், அந்த அளவுடன் யூனிட்டின் தேய்மானத்தையும் தூசியையும் சேர்த்து ஒரு நிபுணர் கருத்துச் சொல்லலாம். அந்தத் திருகை இன்னொரு கை தொட்டுவிட்டால் அந்த அளவுக்கு மதிப்பே இல்லை.

வழக்குப் போட்டால் என்ன நடக்கும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், 5 லட்சம் வரையிலான விலைக்குப் புகார்க் கட்டணம் இல்லை. காலவரம்பு இரண்டு ஆண்டு. பொருளைச் சோதிக்காமல் குறைபாட்டை முடிவு செய்ய முடியாது என்றால், 38-ஆம் பிரிவின்படி ஆணையம் அதை முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்பலாம். ஆய்வுக் கட்டணத்தை நீங்கள் கட்ட வேண்டும். அறிக்கைக்குச் சட்டம் சொல்லும் காலம் 45 நாள். ஆனால் பழைய சிடி பிளேயரின் லேசரை அளந்து சொல்லும் ஆய்வகத்தைத் தேடுவதிலேயே மாதங்கள் ஓடும். அதுவரை பிளேயர் பாடாது. இத்தனைக்கும் பிறகு, 6,200 ரூபாய் பில்லுக்கு இரண்டு லட்சம் கிடைக்கும் என்று எந்த வழக்கறிஞர் சொன்னாலும் நம்பாதீர்கள். பில் தொகையும், சில ஆயிரம் இழப்பீடும், வழக்குச் செலவும் கிடைத்தாலே நல்ல தீர்ப்பு.

போலீஸ் புகார் வேண்டாம். மோசடிக்கு, பணம் வாங்கியபோதே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று காட்ட வேண்டும். பெரும்பாலும் ‘இது சிவில் விஷயம்’ என்று திருப்பி அனுப்புவார்கள். சில நேரம் இரு தரப்பையும் உட்காரவைத்து, ‘புகார் ஏதுமில்லை’ என்று எழுதி வாங்கிவிடுவார்கள். அந்தத் தாளையே பின்னால் ஆணையத்தில் உங்கள் முன் நீட்டுவார்கள்.

வாட்ஸ்அப் செய்தியை இன்றே அழித்துவிடுங்கள். யாராவது கேட்டால் ‘பில் தொடர்பாகக் கடையுடன் பேசிக்கொண்டிருக்கிறேன்’ என்பதோடு நிறுத்துங்கள். பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவு அவதூறுக்கானது. நீங்கள் நோட்டீஸ் அனுப்பியதும் அவர்களுக்குக் கிடைக்கும் முதல் ஆயுதம் ‘திருடர்கள்’ என்ற அந்த ஒரு சொல்தான். ஐயாயிரம் ரூபாய்க்காக வந்தவர்கள் அவதூறு நோட்டீசுக்குப் பதில் எழுதிக்கொண்டிருப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

ஆகவே சமாதானமாகப் போங்கள் என்பதே என் ஆலோசனை. ஒரு பக்கத்தில், கோபமில்லாமல், ஸ்பீட் போஸ்டில் எழுதுங்கள். பில்லில் புதிய லென்ஸ் என்று இருக்கிறது. கழற்றிய பழைய யூனிட்டைத் திருப்பித் தாருங்கள், அல்லது 6,200 ரூபாயைத் திருப்பித் தாருங்கள். இரண்டில் எதையும் 15 நாளில் செய்யாவிட்டால் ஆணையத்துக்குப் போவேன். இவ்வளவு போதும். பழைய யூனிட் தங்களிடம் இல்லை என்றால் கடைக்காரர்கள் பெரும்பாலும் அந்த இடத்திலேயே பேசி முடிக்க வருவார்கள். 5,200-க்கு இறங்கி வந்தாலும் வாங்கிக்கொள்ளுங்கள்.

‘கொண்டுவாருங்கள், இலவசமாகப் பார்த்துத் தருகிறோம்’ என்பார்கள். கொண்டுபோகாதீர்கள். அங்கே திறந்தால் உள்ளே இருந்தது எது என்பது என்றைக்கும் தெரியாது. கொடுத்தே ஆக வேண்டும் என்றால் யூனிட்டின் லேபிள் எண்ணைக் குறித்து, கடையின் கையெழுத்தோடு ரசீது வாங்குங்கள். அந்த எண்ணைப் படமெடுக்கும்போது மின்கம்பியைப் பிடுங்கிவிடுங்கள். சிடி லேசர் 780 நானோமீட்டர் அகச்சிவப்பு, எரிந்தாலும் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது, விழித்திரையைக் கெடுக்கும். பணம் வங்கிக் கணக்கில் ஏறுவதற்குமுன் ‘முழுத் தீர்வு பெற்றேன்’ என்று எதிலும் கையெழுத்திடாதீர்கள்.

பணம் வந்த பிறகு உங்கள் மெக்கானிக்கிடம் தாராளமாகக் கொடுங்கள். லேசரை வாங்குமுன் மோட்டாரைச் சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள். பில்லில் ‘லென்ஸ்’ என்று மட்டும் எழுதாமல், யூனிட்டின் எண்ணையும் எழுதச் சொல்லுங்கள். கழற்றிய பாகத்தைக் கையோடு வாங்கி வாருங்கள்.