வாரத்தில் ஒன்றரை நாள் வேலை: கணக்கில் காட்டுவது எப்படி?

கேள்வி: ராமேஸ்வரம் பக்கம் எங்கள் மகளிர் குழுவில் 40 பேர். விசைப்படகு வந்தால் இறால், நண்டு பிரிப்போம். கணக்கெடுக்க வந்தவர் பெரும்பாலோரை ‘வேலையில் இருப்பவர்’ என்று எழுதிப் போனார். பாதி நாள் சும்மாதானே இருக்கிறோம்?

பதில்: அவர் விதிப்படிதான் எழுதியிருப்பார். தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2017 முதல் நடத்தும் தொழிலாளர் கணக்கெடுப்பில், கடந்த 7 நாளில் ஏதாவது ஒரு நாள் 1 மணி நேரம் வேலை பார்த்திருந்தாலே, வாரக் கணக்கில் அவர் வேலையில் இருப்பவர். ஒரு நாள் காலையில் இறால் பிரித்தால் போதும்.

உங்களுக்குக் கைகொடுப்பது நாள் கணக்கு. 4 மணி நேரமும் அதற்கு மேலும் முழு நாள். 1 மணி நேரமோ அதற்கு மேலோ, ஆனால் 4 மணி நேரத்துக்குக் குறைவு என்றால் அரை நாள். திங்கள், புதன், சனி கடலுக்குப் போகும் படகு மறுநாள் காலை கரை சேர்கிறது. அந்த மூன்று காலையும் மும்மூன்று மணி நேரம் பிரிக்கும் பெண்ணுக்கு வாரத்தில் கிடைத்தது ஒன்றரை நாள் வேலைதான்.

ஆளுக்கொரு நோட்டுப் போடுங்கள். “தினமும் வேலை இருக்கா?” என்று மட்டும் கேட்காதீர்கள், “ஆமா, தினம் கரைக்குப் போறேனே” என்பார்கள். “நேத்து எத்தனை மணிக்கு உட்கார்ந்தீங்க, எப்போ எழுந்தீங்க?” என்று கேளுங்கள். படகுக்காகக் காத்திருந்த நேரத்தைத் தனியாக எழுதுங்கள். பிறகு இன்னும் இரண்டு கேள்வி: கூடுதல் வேலை வேண்டுமா, கிடைத்தால் வர முடியுமா? இரண்டுக்கும் ‘ஆமாம்’ என்றால்தான் வேலை போதாதவர். வீட்டில் கைக்குழந்தை, வர முடியாது என்பவரை இதில் சேர்த்து எண்ணிக்கையைக் கூட்டாதீர்கள். கணக்கின் நம்பகம் போய்விடும்.

ஒரு உதாரணம். 40 பேரில் 12 பேருக்குப் போதிய வேலை, 20 பேருக்கு மணி நேரம் போதவில்லை, 2 பேர் வேலை தேடுகிறார்கள். 6 பேர் வரத் தயார், ஆனால் தேடி அலுத்துவிட்டார்கள். சர்வதேச முறையில், தேடாத அந்த 6 பேரை விட்டுவிட்டு, வேலையின்மை 34 பேரில் 2, அதாவது சுமார் 6 சதவீதம். 2013-ல் ஜெனீவாவில் தொழிலாளர் புள்ளியியலாளர் மாநாடு ஏற்ற கூட்டு அளவீட்டில், மணி நேரம் போதாதவர், தேடுபவர், தேடி அலுத்தவர் மூவகையும் சேர்த்து 40 பேரில் 28, அதாவது 70 சதவீதம். உங்கள் வாழ்க்கையைச் சொல்வது இந்த இரண்டாவது எண். அதிகாரிகளுக்கு மனு கொடுத்தால், அதில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அதற்கு முன் ஒரு வாரமும் தடைக்காலத்தில் ஒரு வாரமும் எடுத்துத் தனித்தனியாகக் கணக்கிடுங்கள். இரண்டையும் சேர்த்துச் சராசரி போட்டால் தடைக்காலக் கஷ்டம் காணாமல் போய்விடும்.