விளக்கு அலங்காரத்திலிருந்து விலகுவோருக்கு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: இசைக்கு ஏற்ப எரியும் கிறிஸ்துமஸ் பிக்சல் (தனித்தனியே நிறம் மாற்றக்கூடிய சிறு எல்இடி விளக்கு) அலங்காரத்தைப் பல வருடமாக வீட்டு முகப்பில் போட்டு வந்தேன். இந்த சீசனோடு நிறுத்துகிறேன். எல்லாவற்றையும் இறக்கிப் பெட்டியில் போட்டுவிட்டு, அப்புறம் நிதானமாகப் பிரித்துக் கொடுக்கலாமா?

பதில்: பிரித்துக் கொடுக்கும் எண்ணம் இருந்தால் இறக்குவதற்கு முன்பே லேபிள் ஒட்டுங்கள். விளக்கு எரியும்போது எந்தச் சரம் எந்த கன்ட்ரோலரின் (விளக்குகளுக்கு உத்தரவு அனுப்பும் பெட்டி) எந்த போர்ட்டில் இருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியும். பெட்டிக்குள் போய்விட்டால் எல்லாம் ஒரே கறுப்பு ஒயர். முக்கியமான ஆபத்து வோல்ட்டேஜில்தான். 5 வோல்ட் பிக்சலும் 12 வோல்ட் பிக்சலும் பார்க்க அச்சு அசலாக ஒன்றுபோல இருக்கும். ஒயர் நிறத்தை நம்பவும் முடியாது, தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும். 12 வோல்ட் சரத்தை 5 வோல்ட்டில் மாட்டினால் மங்கலாக எரியும், அல்லது எரியாது. 5 வோல்ட் சரத்தை 12 வோல்ட்டில் மாட்டினால் அந்த நொடியே போய்விடும்.

ஒவ்வொரு சரத்தின் தலைப்பக்கத்திலும் இவ்வளவு எழுதினால் போதும்: வோல்ட்டேஜ், பிக்சல் எண்ணிக்கை, சிப் வகை (பெரும்பாலும் டபிள்யூஎஸ்2811), நிற வரிசை, கனெக்டர் வகை. நிற வரிசை தெரியாவிட்டால் சிவப்பை மட்டும் அனுப்பிப் பாருங்கள். பச்சை எரிந்தால் அது பெரும்பாலும் ஜிஆர்பி (பச்சை, சிவப்பு, நீலம் என்ற வரிசை). கனெக்டரில் இன்னொரு வில்லங்கம் உண்டு. ஒரே மாதிரி பொருந்தும் இரண்டு கனெக்டர்களில் பாசிட்டிவும் நெகட்டிவும் இடம் மாறியிருக்கலாம். எந்தப் பின்னில் எது என்று மல்ட்டிமீட்டரில் பார்த்து எழுதிவிடுங்கள். காகித டேப் ஈரத்தில் கழன்றுவிடும், துணி டேப்பில் அழியாத மார்க்கரால் எழுதுவது நல்லது.

ஜிப் டையை வெட்டும்போது கட்டரின் முனை ஒயர் பக்கம் திரும்பக் கூடாது. இறக்கும் நாளில் வெட்டுப்படும் ஒயர்களுக்கு இதுதான் பெரும்பாலும் காரணம். நெளி பிளாஸ்டிக் பலகையில் செருகிய 12 மில்லிமீட்டர் பிக்சல்களை முன்பக்கத்திலிருந்து கட்டைவிரலால் தள்ளுங்கள். ஒயரைப் பிடித்து இழுத்தால் பிக்சலின் கழுத்தில் உள்ளுக்குள் அறுந்துவிடும், வெளியே ஒன்றும் தெரியாது. ஈரத்தோடு பெட்டியை மூட வேண்டாம். அடுத்த முறை திறக்கும்போது பின்களில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கும்.

கேள்வி: பழைய சரங்களில் எது கொடுக்கத் தகுந்தது, எது தூக்கிப்போட வேண்டியது?

பதில்: முழு நீளத்தையும் சிவப்பு, பச்சை, நீலம், வெள்ளை என்று வரிசையாக எரியவிடுங்கள். வெள்ளை எரியும்போது ஒயரை அங்கங்கே மெதுவாக அசைத்துப் பாருங்கள். மினுக்கினால் உள்ளே ஒட்டு விட்டிருக்கிறது.

நடுவில் ஒரு இடத்திலிருந்து கடைசி வரை இருட்டாக இருந்தால் பயப்பட வேண்டாம். டேட்டா ஒரு சிப்பிலிருந்து அடுத்த சிப்புக்குக் கைமாறிப் போவதால் ஒன்று செத்தால் அதற்குப் பின்னால் உள்ளவை எல்லாம் நின்றுவிடும். குற்றவாளி கடைசியாக எரியும் பிக்சலாகவோ, எரியாத முதல் பிக்சலாகவோதான் இருக்கும். முதலில் எரியாததை மாற்றுங்கள், சரியாகாவிட்டால் அதற்கு முந்தையதையும். பிக்சலில் உள்ள அம்புக்குறி கன்ட்ரோலரிலிருந்து விலகிப் போகும் திசையில் இருக்க வேண்டும். தலைகீழாக சால்டர் செய்தால் டேட்டா நகராது.

வெள்ளை, கடைசியில் செம்மை தட்டினால் பிக்சலைக் குறை சொல்லாதீர்கள். பச்சைக்கும் நீலத்துக்கும் சிவப்பைவிட அதிக வோல்ட்டேஜ் வேண்டும். போகப்போக வோல்ட்டேஜ் இறங்கும்போது அவை இரண்டும் முதலில் மங்குகின்றன. 50 பிக்சல் கொண்ட 5 வோல்ட் சரம் முழு வெள்ளையில் சுமார் 3 ஆம்பியர் கேட்கும். இரண்டு மூன்று சரங்களைத் தொடராக மாட்டி, நடுவில் பவர் கொடுக்காமல் விட்டால் இப்படித்தான் ஆகும். அந்தச் சரத்தைத் தனியாகச் சோதித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஒரே சரத்தில் நாலைந்து ஒட்டு இருந்தால் அதை யாருக்கும் முழுச் சரமாகத் தர வேண்டாம், உதிரி பிக்சலாகக் கொடுங்கள். மிச்சம் மின்கழிவு சேகரிப்புக்குப் போகட்டும். செம்புக்காக ஒயரை எரிப்பது கூடவே கூடாது, பிவிசி புகை நஞ்சு.

கேள்வி: பவர் சப்ளைகளை அப்படியே தந்துவிடலாமா?

பதில்: இணைப்பைக் கழற்றி, கொஞ்ச நேரம் விட்டுத் தொடுங்கள், மின்தேக்கிகளில் சார்ஜ் நிற்கும். முனையம் கருகிய, மின்தேக்கி உப்பிய சப்ளைகள் கழிவுக்கு. நல்லதை மல்ட்டிமீட்டரில் அளந்து எழுதுங்கள். சில மாடல்களின் பக்கவாட்டில் 115/230 சுவிட்ச் ஒன்று சிறிதாக ஒளிந்திருக்கும். 115-இல் இருப்பதை 230 வோல்ட் லைனில் கொடுத்தால் வெடிச் சத்தத்தோடு முடிந்துவிடும். வாங்குபவரிடம் இதைக் கையால் தொட்டுக் காட்டியே கொடுங்கள்.

கேள்வி: எக்ஸ்லைட்ஸ் என்ற விளக்கு அலங்கார மென்பொருளில் செய்துவைத்த ஷோ முழுவதையும் ஒரு நண்பர் கேட்கிறார். ஹார்ட் டிஸ்க்கோடு கொடுக்கலாமா?

பதில்: நீங்களே செய்தவற்றைத் தாராளமாகக் கொடுக்கலாம். காசு கொடுத்து வாங்கிய சீக்வென்ஸ்களின் (ஒரு பாட்டுக்கு ஏற்ப விளக்கு எரியும் அமைப்பு) உரிமம் பொதுவாக வாங்கியவரோடு நிற்கும். அவற்றைத் தனி ஃபோல்டராக ஒதுக்கிவிட்டு மிச்சத்தைத் தாருங்கள். பாட்டு ஃபைலும் வேண்டாம். எந்தப் பதிப்பு, எத்தனை நிமிடம் எத்தனை விநாடி என்று மட்டும் எழுதிக் கொடுங்கள், அவர் வாங்கிக்கொள்வார். இதை விட்டுவிட்டால் அவர் நீளமான பதிப்பை வாங்கி, தாளமும் விளக்கும் ஏன் ஒட்டவில்லை என்று உங்களைத்தான் கூப்பிடுவார்.

அவருக்கு உண்மையில் பயன்படப்போவது மாடல் ஃபைல்கள்தான். ஒரு விளக்கு நட்சத்திரத்தையோ விளக்கு மரத்தையோ கைமாற்றும்போது அதன் மாடலை எக்ஸ்போர்ட் செய்து பென்டிரைவில் போட்டுக் கட்டிவிடுங்கள். பிக்சல் எந்த வரிசையில் ஓடுகிறது என்பதை அவர் மறுபடி எண்ண வேண்டியிருக்காது. வெறும் எஃப்செக் ஃபைல் (ஷோவை ஓட்டுவதற்காக எக்ஸ்லைட்ஸ் உருவாக்கும் ஃபைல்) உதவாது. அது உங்கள் விளக்குகளின் சேனல் எண்களுக்கென்றே வடிக்கப்பட்டது, அவர் வீட்டில் வேறு விளக்குதான் எரியும்.

ஷோவை இயக்கும் ஃபால்கன் பிளேயர் மென்பொருள் ஓடும் ராஸ்பெரி பை என்ற சிறு கணினியின் மெமரி கார்டில் உங்கள் வைஃபை பாஸ்வேர்டு இருக்கும். கார்டை அழித்துவிட்டோ எடுத்துக்கொண்டோ போர்டைத் தாருங்கள். கன்ட்ரோலர்களைத் தொழிற்சாலை அமைப்புக்கு மாற்றுங்கள். பழைய ஐபி முகவரியோடு போனால் வாங்கியவரால் உள்ளே நுழையக்கூட முடியாமல் போகலாம்.

கேள்வி: நண்பர்கள் சேர்ந்து மொத்தமாகப் பிக்சல் வாங்கும் ஆர்டரை நான்தான் கவனித்துவந்தேன். இடையில் எப்படி விலகுவது?

பதில்: இடையில் விலகாதீர்கள். புதிய ஆர்டரை இன்றே நிறுத்துங்கள், கையில் இருப்பதை முடித்துவிட்டுப் போங்கள். யார், எந்தப் பொருள், எத்தனை, கட்டிய தொகை, அனுப்பிய தேதி என்று ஒரே பட்டியல் போட்டு எல்லோருக்கும் காட்டுங்கள். பழுதான சரத்துக்கு மாற்று வர வேண்டியிருந்தால் அதையும் எழுதுங்கள், சண்டை வருவது பெரும்பாலும் அங்கேதான். மீதிப் பணத்தைப் பிரித்துக் கொடுத்த பிறகே பொறுப்பை அடுத்தவரிடம் விடுங்கள். இரவல் வாங்கிய கன்ட்ரோலர் ஏதாவது உங்கள் பெட்டியில் கிடக்கிறதா என்றும் பாருங்கள். விற்பனைப் பட்டியலில் மற்றவர் பொருள் ஏறிவிடுவது சகஜம்.

கேள்வி: முழுவதும் விட மனமில்லை. சின்னதாக எவ்வளவு வைத்துக்கொள்ளலாம்?

பதில்: கூரை ஓரமும் ஒரு ஜன்னலும் போதும். 170 பிக்சல் வரை ஒரே யூனிவர்ஸில் (கன்ட்ரோலருக்கு அனுப்பும் டேட்டாவின் ஒரு தொகுதி) அடங்கிவிடும், ஒரு சிறிய வைஃபை கன்ட்ரோலரும் ஒரு பவர் சப்ளையும் மட்டும் வைத்துக்கொண்டால் சரி. பெரிய விளக்கு மரத்தை முதலில் கொடுத்துவிடுங்கள். இடத்தை அடைப்பதும் காற்றில் சாய்வதும் அதுதான்.